ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி

அண்ணனூருக்கு வந்த மூன்றாம் நாள் காலை, வீட்டுக்கார அக்கா பின்னறைக் கதவைத் தட்டி, டீ ஆறிப் போகிறது, சீக்கிரம் வா என்றார். "பல்லுத் தீட்டிப்போட்டு வாறன் அக்கா" என்றேன். கதவு மெல்லத் திறந்து லூர்தக்காவின் முகம் எட்டிப் பார்த்தது.

"இன்னாது, பல்லைத் தீட்டப் போறியா? யாரைக் கடிக்கிறதுக்கு?"

எங்கள் ஊரில் பல்லைத் தீட்டுவார்கள். இங்கே பல்லை விளக்குவார்கள், கத்தியைத்தான் தீட்டுவார்கள். ஊரில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்போம். இங்கே கதைக்கிறாய் என்றால் பொய் சொல்கிறாய் என்று பொருள் கொள்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் பஸ் கண்டக்டர் முதல் பூக்காரி வரை எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் கேரளாவா என்பது. ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் போனவர்கள் வேற்று மொழியில் தடுமாறுவதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் கடல் கடந்து வந்து சேர்ந்த இடத்தில் பேசுவதும் தமிழ்தான். அந்தத் தமிழில் நான் தடுமாறிய கதையையும், அந்தத் தடுமாற்றத்திலிருந்தே ஒரு மனிதருக்கு இரண்டு முன்பற்கள் செய்து கொடுத்த கதையையும் ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போல எங்கெங்கோ தங்கிவிட்டவர்களுக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு, சண்டைக்குத் தப்பி, யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியோடு இங்கே வந்தேன். ஆறு மாதத்தில் அவன் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தான். போனதும் கூப்பிடுவதாகச் சொன்னான், நான் காத்திருந்தேன். கோயிலில் பழக்கமான ஒருவர் மூலம் அண்ணனூரில் இந்த வீட்டின் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் அந்தோணி மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் ஃபிட்டர். அது அவருடைய வேலை மட்டுந்தான். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி வரைக்கும் அவரை எல்லோருக்கும் டிரம்பெட் அந்தோணியாகத்தான் தெரியும். கல்யாணம், கோயில் தேர், சாவு எதுவாக இருந்தாலும் பேண்டு செட்டின் முன்வரிசையில் முதல் டிரம்பெட் அவர். வீட்டுக்குள் அதிகம் பேசாத மனிதர். நான் அவரை அண்ணை என்பேன். அந்த 'ஐ' அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

ஊரில் நான் பல் கட்டும் தொழில்நுட்பம் படித்தவள். கண்டிப் பக்கத்துக் கல்லூரியில் பயிற்சி முடித்து, எட்டு வருடம் யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் வேலை செய்தேன். டாக்டர் வாய்க்குள் செய்வதைச் செய்வார். அச்சில் மாவுக்கல்லைக் குழைத்து ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, மினுக்கிக் கொடுப்பது நாங்கள். வந்த அவசரத்தில் சான்றிதழ்கள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆவடி பஜாரில் மருந்துக்கடை மாடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் தாமோதரனிடம் வேலை கேட்டுப் போனபோது, படித்ததையெல்லாம் சொன்னேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் தலைமுறையாக நெல் விளைத்த குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் டாக்டருக்குப் படித்தவர். நல்ல மனிதர். நான் சொன்னதை அவர் நம்பாமல் இல்லை, ஆனால் நம்புவதற்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை. கருவிகளை வெந்நீரில் போட்டு எடுக்கவும், டோக்கன் நம்பர் கூப்பிடவும் வைத்துக்கொண்டார். பல் கட்டும் வேலையெல்லாம் புரசைவாக்கத்தில் ஒரு லேபுக்குப் போகும். அங்கிருந்து வரும் பற்களைக் கழுவி நோயாளியிடம் கொடுக்கும்போது என் விரல்கள் தானாகவே விளிம்பைத் தடவிப் பார்க்கும். எங்கே கரடாக இருக்கிறது, எங்கே அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று விரலுக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்ல மாட்டேன். மாதம் ஒரு முறை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாழ்கிறவள் எதற்கு அதிகம் பேச வேண்டும் என்றிருந்தேன்.

எண்பத்தெட்டாம் வருடம் சித்திரையில் ஊரில் அப்பா இறந்தார். கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. ஊரடங்குக்குள் அவசரமாக அடக்கம் செய்திருக்கிறார்கள். பாதிரியாரும் நான்கு பேரும்தான் சேமக்காலைக்கு, கல்லறைத் தோட்டத்துக்கு, போனார்கள், பாண்ட் வாத்தியம்கூடப் பிடிக்க முடியவில்லை என்று அம்மா எழுதியிருந்தார். எங்கள் பகுதியில் பாண்ட் இல்லாமல் ஒரு வேதக்காரரும் சேமக்காலைக்குப் போனதில்லை. அந்தச் சேதியில் அம்மாவுக்கு அதுதான் அதிகம் வலித்தது என்று கடிதத்திலிருந்து தெரிந்தது. லூர்தக்கா அன்றைக்கு எனக்காகச் சமைத்தார்.

அந்தோணி அண்ணைக்கு விபத்து நடந்தது அதற்கு அடுத்த மாதம். சென்னீர்குப்பத்தில் ஒரு கல்யாணம். பகல் வேளை. பேண்டுக்காரர்கள் திறந்த டெம்போவில் நின்றபடி வாசித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். பெங்களூர் ரோட்டில் எருமை ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட, டிரம்பெட்டின் அகன்ற வாய் முன்னால் இருந்த கம்பியில் இடித்தது. உதட்டில் பதிந்திருந்த முனை, மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் வேரோடு பெயர்த்துவிட்டது. கைக்குட்டையில் பற்களைச் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். டோக்கன் நம்பர் கூப்பிட நிமிர்ந்தவள் அவரைப் பார்த்ததும் நம்பரை விட்டுவிட்டு நேரே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

புண் ஆறிய பிறகு டாக்டர் அவருக்குக் கழற்றி மாட்டும் பல் செட் போட்டார். சாப்பிட, சிரிக்க அது போதும். டிரம்பெட் ஊத அது உதவாது. காற்றை அழுத்தி ஊதும்போது பிளேட் நழுவிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமணத்தில் முதல் பாட்டின் நடுவே பல் செட் கழன்று உதட்டுக்கும் முனைக்கும் இடையில் வந்து நின்றதாம். அடுத்த முகூர்த்தத்துக்குப் பேண்டு மாஸ்டர் இரண்டாவது டிரம்பெட்காரரை முன்னால் நிறுத்தி, அண்ணையின் கையில் இரண்டு கிலுகிலுப்பைகளைக் கொடுத்தார். இருபது வருடமாக முன்வரிசையில் நடந்த மனிதர் கடைசி வரிசையில் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டு நடந்தார். அதைக் கோயில் வாசலில் நின்று நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் டிரம்பெட்டை எண்ணெய் போட்டுத் துடைத்து, துணியில் சுற்றி, பீரோவின் மேல் வைத்தார். துடைத்தது வழக்கம்தான், மேலே வைத்தது வழக்கமில்லை.

மறுநாள் சமையல்கட்டில் லூர்தக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "பிறிட்ஜ் போடலாம் அக்கா. போட்டால் அண்ணை பிறகும் ஊதலாம்."

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "பல்லு கட்டுறதுக்கு ஃபிரிட்ஜ் இன்னாத்துக்கு? ஐஸ்ல வெச்சாத்தான் ஒட்டுமா?"

குளிர்பெட்டி இல்லை, பாலம் என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. விழுந்த பல்லுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற நல்ல பற்களைக் கொஞ்சம் அரைத்துச் சின்னதாக்கி, அவற்றின் மேல் உறை மாட்டி, அந்த உறைகளோடு சேர்த்தே நடுவில் இல்லாத பற்களையும் வார்த்துவிடுவது. சிமெண்ட் வைத்து ஒட்டினால் கழற்ற வேண்டியதில்லை, நழுவாது, சொந்தப் பல் போல நிற்கும். அக்கா எல்லாம் கேட்டார். நல்ல பல்லை அரைப்பதா என்பதில் மட்டும் நின்றார். உள்ளேயிருந்து அந்தோணி அண்ணையின் குரல் வந்தது. "அரைக்கட்டும். இருந்து இன்னா பண்ணிச்சு அதுங்க."

டாக்டர் அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. பின்பக்கம் கடைவாய்ப்பல் பாலம் அவர் போட்டிருக்கிறார். முன்பல்லில், அதுவும் ஊதுகிறவர் வாயில், அவர் போட்டதில்லை. "நாலு நல்ல பல்லை அரைச்சிட்டா திருப்பி ஒட்ட முடியாது சிஸ்டர். சரியா வரலேன்னா இருக்கிறதும் போச்சு" என்றார். அளவும் மெழுகும் நான் செய்கிறேன், லேபில் வார்த்து மட்டும் தரட்டும் என்றேன். அவர் மேசையிலிருந்து ஒரு மெழுகுக் குச்சியையும் சின்னக் கத்தியையும் எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு கோரைப்பல் செதுக்கச் சொன்னார். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். நான் செதுக்கினேன். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், இத்தனை நாள் உங்களை வெந்நீர் போட வைத்துவிட்டேனே என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரமே அண்ணையின் நான்கு பற்களையும் அரைத்தார்.

நிரந்தரப் பாலம் வரும் வரைக்கும் அரைத்த பற்களை மூட ஒரு தற்காலிகப் பாலம் வேண்டும். பல் நிற அக்ரிலிக்கில் அதை நானே செய்தேன். இரண்டு வருடம் கழித்துத் தொழிலைத் தொட்ட மகிழ்ச்சியில் அவ்வளவு கவனமாகச் செய்தேன். அந்தோணி அண்ணையின் முன்பற்களுக்கு நடுவில் முன்பு ஒரு இடைவெளி இருந்தது. அதை நான் பார்த்திருக்கிறேன், குறை என்றே நினைத்திருந்தேன். இப்போது அந்தக் குறையையும் மூடி, வரிசை பிசகாத ஆறு பற்கள் செய்து மாட்டினோம். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "நல்ல வடிவாய் இருக்கு அண்ணை" என்றேன். எங்களுக்கு வடிவு என்றால் அழகு. அவருக்கு அது உருவம். "ஆமாம்மா, பல்லு உருவம் வந்துட்ச்சு" என்று ஒப்புக்கொண்டார். டாக்டருக்கும் எனக்கும் பெருமை தாங்கவில்லை.

மாலையில் பின்கட்டில் முருங்கை மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டிரம்பெட்டை எடுத்தார். இரண்டு மாதமாக ஒரு பாட்டுகூட முழுதாக ஊதாத கருவி. தற்காலிகப் பாலம் வலுவில்லாதது, எடுத்த எடுப்பில் வேகமாக ஊதினால் உடையும் என்று எனக்குப் பயம். "ஆறுதலாய் ஊதுங்கோ அண்ணை" என்றேன்.

அவர் டிரம்பெட்டை உதட்டிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். கண் ஏனோ மாறியிருந்தது. எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். பிறகு தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கல்லறைக்கு நடக்கும்போது பேண்டுக்காரர்கள் வாசிக்கிற அந்த மெல்லிய ராகத்தை எடுத்தார்.

ஊரில் நாங்கள் மெதுவாக என்பதற்கு ஆறுதலாய் என்போம். அவருக்கு அது ஆறுதல்தான், வேறொன்றுமில்லை. அப்பா போன துக்கத்தில் இருப்பவள் தன்னிடம் ஆறுதல் கேட்கிறாள் என்று எண்ணிவிட்டார். நான் திருத்தப் போகவில்லை. கடிதம் வந்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. லூர்தக்கா வந்து என் முதுகில் கை வைத்தார். ராகம் முதல் இரண்டு அடியைத் தாண்டி மேலே ஏறும் இடத்துக்கு வந்தது. அங்கே சத்தம் கிழிந்தது. அவர் நிறுத்தி, உதட்டை நனைத்து, மறுபடி முயன்றார். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது. மூன்றாம் முறை முயலவில்லை.

"காத்து வேற பக்கம் பூடுதும்மா. மேல ஏற மாட்டேன்து" என்றார். பிறகு, ஏதோ குற்றம் செய்தவர் போல, "உங்க அப்பாருக்கோசரம் எடுத்தேன். முடிக்க முடியல" என்றார்.

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. அரைத்த பல் திரும்ப வளராது. அவர் என்னை நம்பி வாயைத் திறந்தார், நான் என் கைவேலையின் அழகைப் பார்த்தேனே ஒழிய அவர் வாயைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னபோது, பழகினால் சரியாகிவிடும் என்றார். அண்ணையும் பழகிக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார். அவர் இன்னும் கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் வேலை செய்தபோது ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை வந்திருந்தார். முன்பல் விழுந்துவிட்டது, புதிதாகச் செய்வதிலும் பழைய இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பில் 'ச' சொல்லும்போது தன் குரல் தனக்கே அந்நியமாக இருக்கும் என்று பிடிவாதம் பிடித்தார். அவருக்காக ஒரு பாலம் செய்தோம். முன்னால் இரண்டு பல்லும் தொடாமல் நிற்கும். பின்னால், அண்ணத்தை ஒட்டி வளைந்து போகிற ஒரு மெல்லிய உலோகக் கம்பி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். வாய்க்குள் விரலை விட்டுத் தடவினாலொழிய அந்தக் கம்பி அங்கே இருப்பது தெரியாது. அது நினைவு வந்ததும், அண்ணையின் காற்று போய்ப் பழகிய வழியை நான்தான் அடைத்துவிட்டேன் என்று புரிந்தது. லூர்தக்காவிடம் போய், அண்ணையின் பழைய இடைவெளி எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். அக்கா சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டினார். அதில் மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தார். அக்காவே சொன்னார்: "பீடி பத்த வெச்சிட்டு குச்சியை அதுலதான் சொருகிக்கும் அந்த மனுசன். கரெக்டா ஒரு தீக்குச்சி போவும்."

தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். தற்காலிகப் பாலத்தின் நடுவில், குச்சி சரியாக நுழையும் அளவுக்கு அறுத்து, உரசி மழுக்கினேன். பல்லின் பின்பக்கம் மட்டும் இணைந்திருக்க விட்டேன். அண்ணை டிரம்பெட்டைக் கொண்டுவந்திருந்தார். மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, மாடி வராந்தாவில் நின்று ஒரே ஒரு மேல் சுரத்தை எடுத்தார். பஜாரில் நடந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தம் உடையாமல் நின்றது. அவர் ஊதி முடித்த அடுத்த கணம் அக்ரிலிக் பாலம் பின்பக்க இணைப்பில் விரிசல் விட்டது. ஆனால் நாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டோம். டாக்டர் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, அந்தக் கம்பியை எப்படி வளைப்பீர்கள், காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள் என்றார்.

மெழுகு செதுக்க நான்கு நாள் ஆயிற்று. ஆடி முடிந்த பிறகும் அடங்காத வெயில். இந்த ஊர் வெயிலில் மெழுகு தானாகவே இளகி நெளியும். ஊசி முனை அளவு நெளிந்தாலும் வார்ப்பு பல்லில் உட்காராது. மாதிரியை எவர்சில்வர் டப்பாவில் வைத்து, சுற்றிலும் ஐஸ் அடைத்த பெரிய டப்பாவுக்குள் இறக்கி, புரசைவாக்கம் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. இந்த ஊரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நின்றுகொண்டு வருகிறவர்களின் மூட்டையை, உட்கார்ந்திருப்பவர்கள் கேட்காமலேயே மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவரிடம் அப்படிக் கொடுக்க மாட்டோம். ஓர் அம்மா கையை நீட்டினார். நான் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "இன்னாம்மா, உன் சோத்தை நான் துன்னுடவா போறேன்?" என்றார், முகம் சுருங்க. உள்ளே சோறில்லை, ஒருவருடைய பல் இருக்கிறது என்றேன். அம்மா கையை மெல்ல இழுத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். வில்லிவாக்கம் தாண்டும் வரை யாரும் என் பக்கம் சாயவில்லை.

லேப்காரர் தலை நரைத்த மனிதர். டப்பாவைத் திறந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, பின்பக்கக் கம்பியையே நெடுநேரம் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். எந்த ஊர் என்றார். யாழ்ப்பாணம் என்றேன். அவர் எழுந்து தன்னுடைய ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "வார்க்கிறதையும் நீங்களே நின்னு பாத்துக்கங்க. இதுல என் பையனுங்க கை வெச்சா பாழாப்பூடும்." நான் ஆறுதலாய் என்று சொல்ல வாயெடுத்து, மெதுவாய் என்று மாற்றிச் சொல்லி, உலோகம் ஊற்றச் செய்தேன். அச்சு மண்ணுக்குள் மெழுகு எரிந்து போன வெற்றிடத்தில் உலோகம் ஓடி நிரம்பியது. மண்ணை உடைத்து எடுத்தபோது கம்பியில் ஒரு துளைகூட இல்லை. சான்றிதழ் இல்லாதவளுக்கு அதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்.

முன்பக்கத்துக்குப் பல் நிறம் ஏற்றும்போது லூர்தக்காவுக்கு ஓர் ஆசை. சினிமாக்காரர்கள் பல் போலப் பளீரென்று வெள்ளையாக வேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். இருபது வருட டீயும் பீடியும் ஏறிய மற்ற பற்களுக்குத் தோதாக, கொஞ்சம் மஞ்சளும் ஓரத்தில் ஒரு கீற்று பழுப்பும் வைத்தேன். அக்காவுக்கு இரண்டு நாள் வருத்தம்.

டாக்டர் சிமெண்ட் வைத்து ஒட்டினார். மூன்று நாள் ஊதக் கூடாது என்றார். அண்ணை மூன்று நாளும் டிரம்பெட் இருந்த பக்கமே போகவில்லை. நான்காம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, வேட்டியை மாற்றாமலேயே முருங்கை மரத்தடியில் நின்றார். லூர்தக்கா ஸ்டவ்வை அணைத்தார். நான் ஆறுதல் என்று சொல்லாமலேயே அவர் செருப்பைக் கழற்றினார்.

அந்த ராகத்தை முதலிலிருந்து எடுத்தார். உடைந்த இடம் நெருங்கியபோது லூர்தக்கா என் கையைப் பிடித்தார். அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மேலே ஏறியது, அங்கே நின்றது, நின்று நிதானமாக இறங்கியது. கடைசி அடி வரைக்கும் வாசித்தார். முடித்ததும் டிரம்பெட்டைக் கீழே தாழ்த்தி, "உங்க அப்பாருதை முடிச்சிட்டேன்மா" என்றார்.

அடுத்த மாதம் கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால், முதல் வரிசையில் அவர் நடந்தார். பேண்டு மாஸ்டர் அவருக்கு இடத்தை விட்டு நகர்ந்து நின்றுகொண்டார். தேருக்குப் பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்த பெண்களுக்கு நடுவில் லூர்தக்கா என்னைச் சுட்டிக்காட்டி, "அவரு பல்லு இந்தம்மா செஞ்சதுதான்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த நாட்டில் நான் தலை நிமிர்ந்து நடந்த முதல் நாள் அது. டாக்டர் கிளினிக்கின் பின்பக்க அறையைக் காலி செய்து எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். பிறகு பூந்தமல்லியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வேலை வந்தது. தம்பி ஜெர்மனிக்குக் கூப்பிட்டபோது, கையிலிருக்கும் வேலைகளை முடித்துவிட்டு யோசிக்கிறேன் என்று எழுதினேன். முடிந்தபாடில்லை. அவனும் கூப்பிடுவதை விட்டுவிட்டான். அண்ணையின் பாலம் இன்றுவரை அசையவில்லை.

சில வருடங்கள் போன பிறகு, ஊருக்குப் போகிற ஒருவர் கையில் எதையாவது கொடுத்தனுப்ப முடிந்தது. நான் டேப் ரிக்கார்டரை மரத்தடியில் வைத்து, அண்ணையை அந்த ராகத்தை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, கேசட்டை அம்மாவுக்கு அனுப்பினேன். பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. ஊரில் மின்சாரம் இல்லாத காலம். எங்கள் ஒழுங்கையில், அதாவது சந்தில், பக்கத்து வீட்டு அக்கா சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்க, டைனமோ கரண்டில் கேசட் ஓடியதாம். அவர் களைத்தபோதெல்லாம் டிரம்பெட்டும் களைத்ததாம். ஆனாலும் அப்பாவுக்குப் பாண்ட் வாசித்தாயிற்று என்று அம்மா எழுதியிருந்தார். பிறகு இப்படி இருந்தது:

"பிள்ளை, பாட்டு முடிஞ்ச பிறகு ஒரு றெயின் போற சத்தம் கேட்குது. அது எங்கை போற றெயின்? இஞ்சை றெயின் ஓடி வருசக் கணக்காச்சு. ஒழுங்கையிலை உள்ள சனம் எல்லாம் வந்து அதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்குதுகள். அடுத்த முறை றெயினைக் கொஞ்சம் கூடப் பிடிச்சு அனுப்பு."

அது திருவள்ளூர் போகும் வண்டி. நாங்கள் பதிவு செய்தபோது, வாசிப்பின் மீது படாமல் போனதே என்று நிம்மதிப்பட்டோம், நிறுத்த மறந்துவிட்டோம். அந்த வாரமே ஒரு மாலையில் புதுக் கேசட் போட்டு, டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போனேன். லூர்தக்காவும் வந்தார். தண்டவாளம் அதிரத் தொடங்கியதும் பட்டனை அழுத்தி, ரிக்கார்டரைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தேன். வண்டி வந்து நின்றது. ஜனங்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள், இடித்துக்கொண்டு ஏறினார்கள். யாரோ என்னைப் பார்த்து, ஏறுறியாம்மா இல்லியா என்று கேட்டார்கள். லூர்தக்கா எம்பி, மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "அம்மா, நான் லூர்து பேசறேன், உங்க பொண்ணு நல்லாக் கீது" என்று சொன்னார். வண்டி ஊதிவிட்டுக் கிளம்பியது. கடைசிப் பெட்டி பட்டாபிராம் பக்கம் மறைந்த பிறகும் நான் கையை இறக்கவில்லை. அம்மா வீட்டு ஒழுங்கை முடியும் மட்டும் அது போகட்டும் என்று, சத்தம் துளியும் இல்லாமல் தேயும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.